பழைய பிரிட்டிஷ் காசு பார்க்க ஒரு குட்டி கிட்: தராசு அருமை, மீதி சுமார்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய தங்க, வெள்ளிக் காசு சேர்க்க ஆரம்பிக்கிற பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆன்லைனில் இந்த கிட்டை வாங்கிவிடுகிறார்கள். ஜிப் வைத்த கறுப்புப் பை, அதற்குள் உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் தராசு, குறுக்களவு பார்க்கிற பிளாஸ்டிக் வெர்னியர், மடக்குகிற லூப் (பூதக்கண்ணாடி), ஒரு காந்தம், அப்புறம் எந்தக் காசு எவ்வளவு எடை என்று அச்சடித்த ஒரு அட்டை. பத்துப் பெயரில் விற்கிறார்கள், பொருள் ஒன்றுதான். அதனால் நான் வாங்கியது எந்தப் பெயர் என்பது முக்கியமில்லை. விலை 20 பவுண்டுக்குள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தராசு அருமை, வெர்னியர் பரவாயில்லை, லூப் ஏமாற்று, காந்தம் இருந்துவிட்டுப் போகட்டும், அட்டையை வீசிவிடுங்கள்.

தராசிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கொடுத்த காசு முழுக்க இதற்குத்தான். 0.01 கிராம் வரை காட்டும், 200 கிராம் வரை தாங்கும். வந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி, இதை நம்பலாமா என்பது. சரிபார்க்கத் தனியாக எடைக்கல் வாங்க வேண்டாம், இந்த ஊர்ச் சில்லறையே போதும். 1 பென்னி 3.56 கிராம், 2 பென்ஸ் 7.12 கிராம். அதிகம் புழங்காத, பளபளப்பான சிலவற்றை எடுத்து ஒன்றொன்றாகவும் மொத்தமாகவும் வைத்துப் பாருங்கள். என்னுடையது 0.01, 0.02 வித்தியாசத்துக்குள் சொன்னது, அது தராசின் தப்பா சில்லறையின் தப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு குறை உண்டு. ரொம்பச் சின்னப் பொருளை மெதுவாக வைத்தால் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், அவ்வளவு சின்ன மாற்றத்தைத் தானே சரிசெய்துகொண்டு அசையாமல் இருந்துவிடும். இடைக்காலத்தில் சில்லறைக்காக ஒரு பென்னியை நாலாக வெட்டிப் புழங்கினார்களே, அந்தத் துண்டு ஒன்று 0.35 கிராம்தான் இருக்கும். அந்த மாதிரி ஏதாவது எடை போட வேண்டுமானால் முதலில் ஒரு 2 பென்ஸை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குகிற டேர் பட்டனை அழுத்தி, அதன் மேல் வையுங்கள், சரியாகக் காட்டும்.

அட்டைக்கு வருகிறேன். யாரோ அரைகுறையாகத் தெரிந்தவர் தயாரித்தது. சவரன் என்கிற பிரிட்டிஷ் தங்கக் காசு 8 கிராம் என்று போட்டிருக்கிறது. நம்மூர் நகைக்கடையில் ஒரு பவுன் 8 கிராம் என்று பேசுவதற்கு அது சரி, காசுக்குச் சரியில்லை. 1817-ல் வந்த நவீன சவரனின் எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், 22 காரட். அதிலிருக்கிற சுத்தத் தங்கம் 7.32 கிராம். அரைச் சவரன் 3.994 கிராம். 19-ஆம் நூற்றாண்டுச் சட்டமே தேய்மானத்துக்கு ஒரு எல்லை வைத்திருந்தது, சுமார் 7.94 கிராமுக்குக் கீழே போன சவரன் செல்லாது. இந்த எண்தான் அட்டையில் இருந்திருக்க வேண்டும். கையில் வந்த காசு 7.96 காட்டினால் கவலையில்லை. 7.85 காட்டினால் எங்கோ அடி வாங்கியிருக்கிறது: மோதிரத்திலோ ப்ரோச்சிலோ கோத்திருந்து பிறகு பிடுங்கியதாக இருக்கலாம், விளிம்பை யாராவது ராவியிருக்கலாம், அல்லது காசே வேறாக இருக்கலாம். எடை கூடினாலும் சந்தேகப்படுங்கள், பற்றவைத்த பொடி விளிம்பில் ஒட்டியிருக்கும். நம்மூர்ப் பழைய நகைகளிலிருந்து வருகிற சவரன்களில் வளையம் வைத்த தழும்பு சாதாரணமாகப் பார்க்கலாம். அதனால் தங்கத்துக்கு விலை குறையாது, சேகரிப்பவர் கொடுக்கிற விலைதான் குறையும்.

வெள்ளிப் பக்கம் அட்டை இன்னும் மோசம். 1946 வரைக்கும் எல்லாவற்றையும் 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அது தப்பு, வாங்குகிறவருக்கு நஷ்டம் தருகிற தப்பு. 1919 வரைதான் 925. முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறியதால் 1920-லிருந்து பாதிக்குப் பாதியாக, அதாவது 500 ஆகக் குறைத்தார்கள். 1947-லிருந்து வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று காலத்திலும் எடையும் அளவும் மாறவே இல்லை. 1918 ஷில்லிங், 1935 ஷில்லிங், 1950 ஷில்லிங் மூன்றும் 5.66 கிராம், 23.6 மில்லிமீட்டர். தராசு இங்கே வாயைத் திறக்காது. ஆண்டைப் படிக்க வேண்டியதுதான். ஆறாம் ஜார்ஜ் காசுகளில் தேய்ந்துபோய் ஆண்டு சரியாகத் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பாருங்கள். இந்தியாவின் பேரரசர் என்பதன் சுருக்கமாக வருகிற 'இண்ட் இம்ப்' 1949 காசுகளிலிருந்து காணாமல் போய்விட்டது. எனவே அது இல்லாவிட்டால் வெள்ளியும் இல்லை. அது இருந்தால் மட்டும் வெள்ளி என்று குதித்துவிடக் கூடாது, 1947, 1948 காசுகளில் அந்த எழுத்து இருக்கிறது, வெள்ளி கிடையாது.

1816 சட்டத்துக்குப் பிறகு வந்த வெள்ளிக் காசுகளில் ஒரு வசதி உண்டு, இதை அட்டை சொல்லவில்லை. ஒரு டிராய் பவுண்டு (பழைய எடை அளவு, சுமார் 373 கிராம்) ஸ்டெர்லிங், அதாவது 925 வெள்ளியிலிருந்து 66 ஷில்லிங் என்று கணக்கு வைத்தார்கள், அதனால் எடை முகமதிப்போடு நேராகப் போகும். மூன்று பென்ஸ் 1.41, ஆறு பென்ஸ் 2.83, ஷில்லிங் (12 பென்ஸ்) 5.66, ஃப்ளோரின் (2 ஷில்லிங்) 11.31, அரை கிரௌன் (இரண்டரை ஷில்லிங்) 14.14, கிரௌன் (5 ஷில்லிங்) 28.28. 1887-லிருந்து 1890 வரை மட்டும் வந்த இரட்டை ஃப்ளோரின் 22.6 கிராம். அதில் மதிப்பே எழுதவில்லை, கிரௌனோடு குழம்பி மதுக்கடைப் பெண்கள் 4 ஷில்லிங் காசுக்கு 5 ஷில்லிங் கணக்குப் பண்ணி நஷ்டப்பட்டார்கள் என்று அதற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு. தராசு இருந்தால் அந்தக் குழப்பம் ஒரு விநாடிகூட நிற்காது. கார் பூட் விற்பனையில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்கிற சந்தை) ஒரு டப்பா நிறையக் கலவையாக வெள்ளிக் காசு கிடைத்தால், எல்லாவற்றின் முகமதிப்பையும் ஷில்லிங்கில் கூட்டி 5.655-ஆல் பெருக்குங்கள். மொத்த எடை அதற்குக் கொஞ்சம் கீழே வந்தால் தேய்மானம். ரொம்பக் கீழே வந்தால் உள்ளே ஏதோ பொருந்தாதது இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தத் தராசு மேல் உண்மையான மரியாதை வந்தது 1887 ஆறு பென்ஸில்தான். விக்டோரியா பட்டமேறி 50 ஆண்டு ஆனதற்காகப் புது முகம் போட்டு வந்த காசு. பின்பக்கம் கேடயம், ஆறு பென்ஸ் என்று எங்கும் எழுதவில்லை, அளவோ கிட்டத்தட்ட அரைச் சவரன் அளவு. சும்மா இருப்பார்களா, தங்க முலாம் பூசி, 10 ஷில்லிங் மதிப்புள்ள அரைச் சவரன் என்று தள்ளிவிட்டார்கள். அரசாங்கம் அவசரமாக அந்த டிசைனை நிறுத்தி, மதிப்பை எழுத்தில் போட்ட பழைய பாணிக்குத் திரும்பியது. முலாம் பூசிய அந்தக் காசுகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன, அவையும் சேகரிக்கிற பொருள்தான், ஆனால் அரைச் சவரன் விலைக்கு இல்லை. தராசில் வைத்தால் 2.83. அரைச் சவரன் 3.99. பேச்சு முடிந்தது.

இதேபோல 'ஸ்பேட் கினி'. மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் 1787 முதல் 1799 வரை வந்த கினியின் பின்பக்கக் கேடயம் மண்வெட்டித் தகடு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கினி என்பது 1663-ல் தொடங்கி 1813-ல் நின்ற தங்கக் காசு, சுமார் 8.35 கிராம், 1717-ல் நியூட்டன் நாணயச்சாலையின் தலைவராக இருந்தபோது 21 ஷில்லிங் என்று மதிப்பு நிலைத்தது. விக்டோரியா காலத்தில் சீட்டாட்டத்துக்கு இதே உருவத்தில் பித்தளை வில்லைகள் ஏராளமாகச் செய்தார்கள். கிராமத்துப் பழம்பொருள் கடைகளில் தங்க கினி என்று துண்டுச்சீட்டு ஒட்டி வைத்திருப்பதில் நிறைய இந்த வில்லைதான். பலவற்றில் 'பழைய நல்ல நாட்களின் நினைவாக' என்று ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்காமலே வாங்குகிறார்கள், விற்கிறார்கள். படிக்க முடியாத அளவு தேய்ந்திருந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும், 8.35-க்குப் பக்கத்தில்கூட வராது.

இங்கேதான் தராசை எதற்கு நம்ப வேண்டும், எதற்கு நம்பக் கூடாது என்று புரிந்துகொள்ள வேண்டும். எடை தப்பாக இருந்தால் ஏதோ கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம். எடை சரியாக இருந்தால் காசு அசல் என்று சொல்ல முடியாது. 1860-களில் கள்ளக் காசுக்காரர்கள் பிளாட்டினத்தோடு செம்பு கலந்து, மேலே தங்கம் பூசிச் சவரன் அடித்தார்கள், அப்போது பிளாட்டினம் தங்கத்தைவிட எவ்வளவோ மலிவு. எடையும் அளவும் சரியாகப் பொருந்தும், விளிம்பில் முலாம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தால்தான் குட்டு வெளிப்படும். அதைவிடப் பெரிய தலைவலி 1950, 60-களில் லெபனான் போன்ற இடங்களில் அடித்தவை. அவை நிஜத் தங்கத்திலேயே செய்தவை! அப்போது சவரனுக்கு அதன் தங்கத்தின் விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தது, அந்த வித்தியாசம்தான் அவர்கள் லாபம். இவற்றைத் தராசில் வைத்தால் 7.98 என்று அழகாகச் சொல்லும், தண்ணீர்ச் சோதனையிலும் பாஸ் ஆகும்.

தண்ணீர்ச் சோதனை என்றேன், அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனால் இந்தத் தராசை வைத்து செய்யக்கூடியதில் இதுதான் சிறந்தது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து டேர் செய்யுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள், குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டிவிடுங்கள். இப்போது காட்டுகிற எண்தான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. நல்ல சவரனுக்கு 0.45 அல்லது 0.46 வரும். அதே எடைக்குப் பித்தளை என்றால் 0.9-ஐத் தாண்டும், ஆனால் அதற்குக் காசு கண்ணால் தெரிகிற அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். 925 வெள்ளி கிரௌனுக்கு 2.75 அளவில் வரும், பாதி வெள்ளி என்றால் 3-ஐ நெருங்கும், செம்பு நிக்கல் என்றால் 3.1-க்கு மேல். ஆண்டு தேய்ந்த காசுக்கு இது ரொம்பக் கைகொடுக்கும். மூன்று பென்ஸ் மாதிரிச் சின்னக் காசில் முயற்சி செய்யாதீர்கள், 0.01 கிராம் துல்லியம் அதற்குப் போதாது. வெளியில் சந்தையில் செய்யவும் முடியாது, காற்றடித்தாலே எண் ஆடும். இது வீட்டு மேசை வேலை.

அமிலச் சோதனைக் குப்பியும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதல் விலையில் ஒரு கிட் வருகிறது. வேண்டவே வேண்டாம். கல்லில் உரசி அமிலம் விடுவது நகைக்குச் சரி. காசில் உரசல் விழுந்தால் போனது போனதுதான்.

வெர்னியர் பிளாஸ்டிக், பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது, நிறைய பேர் இதைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்பு வெர்னியரின் தாடை விளிம்பில் கீறல் போடும், பிளாஸ்டிக் போடாது. 0.1 மில்லிமீட்டர் வரை பார்க்கலாம், காசுக்கு அது போதும். 30 மில்லிமீட்டர் வந்தால் 1851-லிருந்து 1887 வரை வந்த கோதிக் ஃப்ளோரின், 28 வந்தால் அதற்கு முந்தின 1849 ஃப்ளோரின். கோதிக் ஃப்ளோரினில் ஆண்டை ரோமன் எழுத்தில், அதுவும் பழைய கோதிக் பாணியில் போட்டிருப்பதால் பார்த்தவுடன் எதுவும் புரியாது, வெர்னியர் வைத்தால் எந்தக் காசு என்பதாவது தெரியும்.

லூப் விஷயத்தில்தான் கோபம். மேலே 30 மடங்கு என்று பொறித்திருக்கிறார்கள், உண்மையில் 10 மடங்குக்கு மேல் இல்லை. 10 மடங்குதான் காசுக்குத் தேவை, அதனால் எண் பொய்யாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியின் ஓரம் முழுக்கக் கலங்கலாக இருக்கிறது, வானவில் நிறம் அடிக்கிறது. லெபனான் சவரனைப் பிடிக்கத் தேவைப்படுவது இதே கருவிதான் என்னும்போது இது சின்னக் குறை இல்லை. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, தளத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றனவா, விளிம்புக் கோடுகள் சீராகப் போகின்றனவா, சவரனின் பின்பக்கத்தைச் செதுக்கிய கலைஞர் பிஸ்ட்ருச்சி வரைந்த குதிரை வீரருக்குக் கீழே அவருடைய பி.பி. எழுத்துகள் அசலில் இருப்பதுபோல இருக்கின்றனவா, எல்லாம் நல்ல லூப் இருந்தால்தான் தெரியும். எங்கே அடித்தார்கள் என்று சொல்லும் ஒற்றை எழுத்தும் அப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜ் சவரனில் அது ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் நடுவில் ரொம்பப் பொடியாக இருக்கும்: எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், சி ஒட்டாவா, எஸ்.ஏ. பிரிட்டோரியா. ஐ என்றால் பம்பாய், 1918 ஆண்டு போட்டு மட்டும்தான் வந்தது. எழுத்தே இல்லையென்றால் லண்டன். 1917-ல் லண்டன் சவரன் அபூர்வம், ஆஸ்திரேலியச் சவரன் தாராளம், அதனால் எழுத்தில்லாத 1917 கிடைத்தால் எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் சுரண்டின தடம் இருக்கிறதா என்று பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். இந்த லூப்பில் அது தெரியாது. தனியாக மூன்று கண்ணாடி அடுக்கு வைத்த 10 மடங்கு லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

காந்தம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்பில் செய்து முலாம் பூசிய படுமட்டமான கள்ளக் காசு ஒட்டும், மற்றதெல்லாம் ஒட்டாது. செம்பு நிக்கலும் ஒட்டாது என்பதால், ஒட்டவில்லை, எனவே வெள்ளி என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கைச்சுத்தியலால் அடித்த, 1662-க்கு முந்தைய காசுகளுக்கு இந்த கிட் எவ்வளவு உதவும் என்று கேட்பவர்களுக்கு: பாதிதான். முதலாம் எலிசபெத்தின் ஆறு பென்ஸ் சுமார் 3 கிராம் இருக்க வேண்டும், ஆனால் அந்தக் காலத்தில் விளிம்பை நறுக்கி வெள்ளி திருடுவது பெரிய தொழில், 2.5 காட்டுகிற காசும் அசலாக இருக்கலாம். அங்கே கண்தான் முதல். ராணி தலைக்குப் பின்னால் ரோஜா, பின்பக்கம் ஆண்டு இரண்டும் இருந்தால் ஆறு பென்ஸ் அல்லது மூன்று பென்ஸ் வரிசை, ரோஜா இல்லாவிட்டால் ஷில்லிங், குரோட் (4 பென்ஸ்) மாதிரி வேறு ஏதாவது. எழுத்தையும் அப்படியே நம்ப முடியாது. 1180-லிருந்து 1247 வரை வந்த குறுஞ்சிலுவைப் பென்னிகளில் ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்திலும் ஹென்ரிகஸ் ரெக்ஸ் (மன்னர் ஹென்றி) என்றே அடித்துக்கொண்டிருந்தார்கள், ராஜா மாறினார், பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போல. இந்தக் காசுகளுக்கு இணையத்தில் இலவசமாக இருக்கிற போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தரவுத்தளம்தான் துணை. வயலில் கிடைத்த பொருட்கள் 15 லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன, பெரும்பாலும் படத்தோடும் எடையோடும். உங்கள் தராசு காட்டிய எண்ணை அங்கே இருக்கிற பத்துப் பதினைந்து காசுகளோடு ஒப்பிட்டால் எந்த அச்சிட்ட அட்டையும் தராத தெளிவு கிடைக்கும்.

சந்தையில் தராசை எடுத்தால் விற்பவர் முகம் சுளிப்பாரா என்று தயங்க வேண்டாம். யார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் நடப்பது போன்ற நாணயச் சந்தைகளில் "எடை பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு வைத்தால் நல்ல வியாபாரி ஒன்றும் சொல்வதில்லை, சிலர் தங்கள் தராசையே நகர்த்திக் கொடுப்பார்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், அவர்கள் மேசைக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் மரியாதை. கேட்டவுடன் காசைத் திரும்ப வாங்கி டப்பாவில் போடுகிறவரிடம் வாங்க வேண்டியதில்லை. 1847 கோதிக் கிரௌன் மாதிரி, மொத்தமே 8,000 அளவில் அடித்த காசு உங்களிடம் மலிவாக வந்தால் இந்த கிட்டெல்லாம் வேலைக்கு ஆகாது, அதற்குக் கள்ளப் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன, விவரம் தெரிந்த ஏலக் கடையில் காட்டுங்கள்.

மதிப்பெண்: தராசுக்கு 5-க்கு 5, மொத்த கிட்டுக்கு 3. தராசு தனியாகவும் விற்கிறது, ஏறக்குறைய பாதி விலை. அதை வாங்கி, மிச்சத்தில் நல்ல லூப் வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். ஆர்டர் போடும்போது 0.1 கிராம் என்று இருக்கிறதா 0.01 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள், 0.1 தராசு 7.85-ஐயும் 7.94-ஐயும் ஒரே எண்ணாகக் காட்டிவிடக்கூடும். பேட்டரி வருவதில்லை, இரண்டு ட்ரிபிள் ஏ தனியாக வாங்க வேண்டும்.